வண்டுத் தண்ணீரும் கழுதைத் தண்ணீரும்

இயற்கையைப் பார்த்து நீர்ப்பாசனம் செய்வது எப்படி என்று புதிய விவசாயப் போதனாசிரியர்களான உங்களுக்கு இப்போது பயிற்சி நடக்கிறதாம். நல்ல விஷயம். எங்கள் காலத்துப் பயிற்சியில் இயற்கை என்றால் பூச்சி மட்டும்தான். அதற்கும் மருந்தின் பெயரைப் பாடமாக்கினால் போதும். ஆனாலும் பயிற்சி தருகிறவரிடம் ஒரு கேள்வியைக் கேட்டு வையுங்கள்: எந்த ஊர் இயற்கை? கேட்டால் வாய்க்காரர் என்று பெயர் வரும். வரட்டும். ஓய்வு பெறும் வரைக்கும் எனக்கும் அந்தப் பெயர்தான் இருந்தது, அதற்காக யாரும் சம்பளத்தைக் குறைக்கவில்லை.

நான் விவசாயப் போதனாசிரியையாகக் கடைசியாக வேலை பார்த்தது கற்பிட்டிப் பக்கம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மணல். அந்த மணலில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் வாளியைக் கீழே வைப்பதற்குள் தண்ணீர் போன இடம் தெரியாது. மழை வருடத்தில் கொஞ்சக் காலம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். இருந்தும் எங்களைப் பாலைவனம் என்று யாரும் எழுதுவதில்லை. கருவாட்டு மணம் வீசும் பாலைவனத்தை யாரும் கேள்விப்பட்டதில்லை என்பதால் இருக்கலாம். அந்த மணலில்தான் மிளகாயும் வெங்காயமும் விளைகின்றன. விளைய வைக்கிற சனங்களுக்கு மண்ணில் இல்லாத ஈரமெல்லாம் மனதில் இருக்கிறது. அந்த ஈரம்தான் ஒரு தடவை எங்கள் எல்லோரையும் கவிழ்க்கப் பார்த்தது.

இது கண்டக்குழியில் நடந்தது. நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ரோடு போட்டார்கள். ரோட்டின் பின்னால் ஹோட்டல்கள் வந்தன. பட்டத்தில் தொங்கிக்கொண்டு தண்ணீரின் மேல் ஓடும் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். அதுவரை ஆடு கட்டவும் ஆளில்லாமல் கிடந்த கடற்கரைக் காணிகளை ஆட்கள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்கள்.

அப்படிப் பார்க்கப்பட்ட காணிகளில் ஒன்று ஹயாத்தும்மாவுடையது. ஹயாத்தும்மா என் வயதுக்காரி. கணவர் மௌத்தாகிப் பல காலம். பிள்ளைகள் கலியாணம் கட்டிப் புத்தளம் டவுனில் இருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் கடலைப் பார்த்தபடி மிளகாய்த் தோட்டம். அதைத் தனியாகவே பார்த்துக்கொண்டாள். கெட்டிக்காரி. ஒரேயொரு குறை, யார் முகத்தைப் பார்த்தும் இல்லை என்று சொல்ல அவளுக்கு வராது. துணி மூட்டையோடு வியாபாரி வந்தால் ஆண்கள் கட்டும் சாரம் வாங்குவாள். வீட்டில் சாரம் உடுக்க ஆளே இல்லை. ஏன் வாங்கினாய் என்று கேட்டால், "அந்த மனுசன் இவ்வளவு தூரம் வெயில்ல வந்தாரே மிஸ்" என்பாள். அலுமாரியில் ஒரு கடை வைக்கிற அளவுக்குச் சாரம் இருந்தது.

அவளுடைய கிணறு கரிக்கத் தொடங்கியதிலிருந்து பிரச்சினை ஆரம்பம். எங்கள் கரையில் ஒரு பழக்கம் உண்டு. கிணற்றுத் தண்ணீர் கரித்தால் உடனே இன்னும் ஆழமாக வெட்டுவார்கள். அவளுடைய மூத்த சகோதரர் காதர் நானா ஆள் பிடித்து ஆழமாக்கினார். தண்ணீர் இன்னும் கரித்தது. விடாமல் மறுபடியும் ஆழமாக்கினார். அதன் பிறகு அந்தத் தண்ணீரில் கறி வைத்தால் தனியாக உப்புப் போடத் தேவையில்லை. கிணற்றைக் கெடுத்து முடித்த நானா, அடுத்ததாக ஒரு ஹோட்டல்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஹயாத்தும்மாவுக்குக் காணியைக் கொடுக்க மனமில்லை. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. இந்தப் போகம் மிளகாய் வராவிட்டால் தருகிறேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். பிறகு என்னிடம் வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "காணி போனா நான் மகள்ட வீட்டு மூலையில குந்தி இரிக்கணும் மிஸ். எனக்கு வேற ஒண்டும் வேணாம். மிளகாய் வரணும்."

அந்த நேரத்தில்தான் வண்டு வந்தது.

கொழும்பிலிருந்து ஒரு திட்டம். அதோடு ஓர் இளம் இஞ்சினியர். மெலிந்த பிள்ளை, பெரிய தொப்பி. தொப்பிதான் நடந்து வருகிறதோ என்று தூரத்தில் பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். ஏதோ ஒரு தேசத்துப் பாலைவனத்தில் ஒரு வண்டு இருக்கிறதாம். விடிகாலையில் பனிமூட்டம் வரும்போது அது முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்குமாம். முதுகில் உள்ள சின்னச் சின்ன முகடுகளில் பனி துளியாகச் சேர்ந்து, வழிந்து, அதன் வாய்க்கே வந்துவிடுமாம். இருந்த இடத்தில் தண்ணீர். அந்த வண்டைத் தகரத்தில் செய்து ஹயாத்தும்மாவின் தோட்டத்தில் வைக்கப் போவதாகச் சொன்னார். சொல்லும்போது அந்தப் பிள்ளையின் கண்ணில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தால் ஹயாத்தும்மா என்ன, நானும் இல்லை என்று சொல்லியிருக்க மாட்டேன்.

கவிழ்த்துப் போட்ட வள்ளம் மாதிரி தகரக் கூரைகள். கறுப்புப் பெயின்ட். மேலெல்லாம் பரு. கடற்பக்கம் வரிசையாக நின்றன. வழிகிற தண்ணீர் ஒரு தாங்கியில் சேர்ந்து, மெல்லிய குழாய் வழியாக, ஒவ்வொரு கன்றின் அருகிலும் புதைத்த மண் பானைக்குப் போகும். பானை வேருக்குத் தேவையான அளவு மட்டும் கசியும். வாடைக் காற்றுக் காலத்தில், நல்ல பனியில், பரீட்சித்துப் பார்த்தார்கள். தண்ணீர் இனித்தது. காதர் நானா குடித்தார், நானும் குடித்தேன். வாய்க்காரியான என்னிடமே குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

ஊருக்கு வண்டைப் பிடித்துப்போனது, ஆனால் வேறு காரணங்களுக்காக. பிள்ளைகள் முதுகில் ஏறிச் சறுக்கினார்கள். மீன்காரப் பெண்களுக்குச் சூடேறிய கறுப்புத் தகரத்தைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை, கீரி மீனைப் பரப்பிவிட்டார்கள். மீன் காயப்போட வேண்டாம் என்று இஞ்சினியர் ஒரு பலகை எழுதி நட்டார். அடுத்த நாள் பலகையில் ஒரு திருக்கை காய்ந்தது.

இவ்வளவும் சிரிப்புத்தான். சிரிப்பில்லாத விஷயம் ஒன்று இருந்தது. வண்டு மட்டுமே போதும் என்று நிரூபிக்க வேண்டும் என்பதால் ஹயாத்தும்மாவின் கிணற்றுப் பம்புக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். உப்புக் கிணறுதான், ஆனாலும் கிணறு. இனி அவளுக்கு வண்டைத் தவிர வழியில்லை. மிளகாய்க் கன்றை நட்டாள். நட்டுக் கொஞ்ச நாளில் காற்றுத் திரும்பியது.

சோளகக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடலிலிருந்து நேராக வந்து முகத்தில் அறையும். அது வந்ததும் வண்டுத் தாங்கி முன்னைவிட வேகமாக நிறைந்தது. இஞ்சினியருக்குத் தலைகால் புரியவில்லை. "மிஸ், பனிக்காலம் முடிஞ்சும் தண்ணி கூடிக்கொண்டு போகுது" என்று போன் எடுத்துச் சொன்னார். நல்லது தம்பி என்றேன். எனக்கு அப்போது வேறு பக்கத்தில் வெங்காய நோய். நான் வந்து பார்க்கச் சில வாரமானது.

வந்து பார்த்தபோது கன்றுகள் பச்சைப் பசேல் என்று நின்றன. ஒன்று கூடச் சாகவில்லை. ஆனால் எனக்கு ஏதோ இடித்தது. நட்ட அன்றைக்கு என்ன உயரமோ அதே உயரம். சில கன்றுகள் போன கிழமையைவிடக் குட்டை என்று இஞ்சினியரே ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் அளந்து கோடு கீறி வைத்திருந்தார். கோடு கீழ்நோக்கிப் போனது.

"பயிர் தன்னைச் சுருக்கிக்கொள்ளுது மிஸ்" என்றார். "தண்ணியை மிச்சம் பிடிக்கிற இயல்பு வந்திருக்கு. இது பெரிய விஷயம்."

"தம்பி, மிளகாய்க் கண்டுக்கு அவ்வளவு புத்தி இருந்தா எங்களுக்கு ஏன் சம்பளம் தருகினம்?"

அவர் சிரித்துவிட்டு, பாத்திக்குள் நின்ற ஹயாத்தும்மாவைப் பார்த்து வழக்கம்போலக் கேட்டார்: "தண்ணி எப்படி உம்மா?"

"தங்கமான தண்ணி மகன்" என்றாள் அவள். என்னைப் பார்க்கவில்லை.

இன்னொரு விசித்திரமும் இருந்தது. கற்பிட்டியில் சொந்தக்காரர் இல்லாத கழுதைகள் ரோட்டில் நடமாடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவை ஒரு கூட்டமாக வந்து வண்டுகளின் முதுகைக் கண்ணை மூடிக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தன. மிருகங்களே தண்ணீரின் தரத்தை ஏற்றுக்கொண்டுவிட்டன என்று சொல்லி இஞ்சினியர் படம் எடுத்தார். அந்தப் படத்தில் கழுதைகள் உண்மையிலேயே சந்தோசமாக இருந்தன.

திட்டத்தின் பணிப்பாளர் வரப்போவதாகச் செய்தி வந்தது. கொழும்பிலிருந்து பெரிய வாகனங்கள், ரிப்பன் வெட்டு, உட்காரக் கதிரைகள், போட்டோ. அவர் பார்த்துச் சரி என்றால் அந்தக் கரையில் உள்ள தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் வண்டு. நான் அன்று விடிந்ததும் விடியாததுமாக ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். கதிரை அடுக்குவதற்கு ஆள் வராது என்று எனக்குத் தெரியும்.

தோட்டத்தில் ஹயாத்தும்மா குனிந்து நின்றாள். கருகிப்போன கன்றுகளைப் பிடுங்கிக் கூடைக்குள் போட்டு, அதே குழியில் புதிய கன்றை நட்டுக்கொண்டிருந்தாள். என் சத்தம் கேட்டதும் கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஹயாத்து, என்ன வேலை இது?"

"ஒண்டுமில்ல மிஸ். கண்டு கொஞ்சம் வாடி இரிக்கி. மாத்தி வெக்கிறன்."

"எப்ப இருந்து மாத்துறாய்?"

"காத்து திரும்பினதில இருந்து. சுபஹ் தொழுதிட்டு வந்து மாத்திருவன். புள்ள எழும்பி வாறதுக்கு முன்னால முடிஞ்சிரும். தங்கச்சிட நாத்துப் பாத்தியில இருந்து கொண்டு வாற. இண்டையோட அதுவும் முடிஞ்சி."

கன்றுகள் சுருங்கியதன் இரகசியம் இதுதான். கிழமைக்குக் கிழமை இளைய கன்று வந்தால் கோடு கீழ்நோக்கிப் போகாமல் என்ன செய்யும்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அதோடு சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் இருமல்தான் வரும், இருமினேன்.

"ஏன் வாயைத் திறந்து சொல்லேல்ல?"

"எப்பிடி மிஸ் சொல்ற? அந்தப் புள்ள தாய் தகப்பன உட்டுட்டு வந்து இந்த வெயில்ல காயிது. ஒவ்வொரு நாளும் வந்து, எப்பிடி உம்மாண்டு மொகத்தப் பாத்துக் கேக்குது. நல்லமில்லண்டு நான் எப்பிடிச் சொல்ற?"

"அப்ப காணி?"

அவள் அழுதாள். "அத நெனச்சாத்தான் நெஞ்சடைக்கிது. நானாக்கு வாக்குக் குடுத்திட்டன். ஆனா ஊட்டுக்கு வந்த புள்ளைட மொகம் வாடினா அதுவும் பாவம்தானே."

பிள்ளைகளே, இதைப் பயிற்சியில் சொல்லித்தர மாட்டார்கள். சனங்கள் உங்களை ஏமாற்றுவதற்காகப் பொய் சொல்வது குறைவு. உங்கள் மனம் நோகக் கூடாது என்று சொல்வதுதான் அதிகம். ஏமாற்றுகிறவரைக் கண்டுபிடித்துவிடலாம். உங்கள்மேல் இரக்கப்படுகிறவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். எப்படி இருக்கிறது என்று கேட்டால் நல்லாயிருக்கிறது என்றுதான் பதில் வரும், ஏனென்றால் நீங்கள் கேட்ட கேள்வியிலேயே அந்தப் பதிலுக்கான ஆசை தெரியும்.

நான் போய்த் தாங்கியில் கையை விட்டு வாயில் வைத்தேன். துப்பினேன். வாடைக் காலத்தில் வண்டின் முதுகில் சேர்ந்தது பனி. சோளகம் அடிக்கத் தொடங்கியதும் சேர்ந்தது அலைத் தூவானம். புத்தளம் மாவட்டத்தில் உப்பு விளைவிக்க இன்னொரு புதிய வழியைக் கண்டுபிடித்திருந்தோம், அவ்வளவுதான். கழுதைகள் தாங்கியில் வாய் வைக்காமல் முதுகை மட்டும் நக்கியதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. அவை தண்ணீருக்கு வரவில்லை, உப்புக்கு வந்திருக்கின்றன. அந்தத் தோட்டத்தில் மரியாதை தெரியாத சீவன் கழுதை ஒன்றுதான். அதனால் உண்மையைச் சொன்னதும் அது ஒன்றுதான். நாங்கள் அதைப் போட்டோ எடுத்தோம்.

உப்பை நக்கினால் தாகம் எடுக்காதா? அந்த யோசனை வந்தபோது ஒரு கிழட்டுக் கழுதை நக்கி முடித்துவிட்டுக் காணியின் மறு கோடிக்கு நடந்தது. களப்புப் பக்கமாக, தாழம்பற்றைக்குக் கிட்ட, கொஞ்சம் பள்ளமான இடம். நானும் பின்னால் போனேன். அங்கே முன்னங்காலால் தோண்டிய குழி ஒன்று இருந்தது. என் முழங்கால் அளவு ஆழம்கூட இல்லை. அடியில் தண்ணீர். கழுதை தலையை விட்டு ஆற அமரக் குடித்தது. தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. வேறு வழியில்லாமல் அதற்குப் பக்கத்திலேயே முழங்காலில் நின்று ஒரு கை அள்ளிக் குடித்தேன்.

நல்ல தண்ணீர். இனித்தது.

நான் கழுதையோடு தலை சேர்த்துக் குனிந்திருக்கும்போதுதான் வாகன ஹோர்ன் கேட்டது. பணிப்பாளர் நேரத்துக்கு வருகிறவர் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள், நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? எல்லோருக்கும் முன்னால் உப்பு உப்பு என்று நான் கத்தினால் அந்த இஞ்சினியர்ப் பிள்ளையின் தலை குனியும். திட்டத்தை மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள், ஹயாத்தும்மாவுக்கு வண்டும் இல்லை, கன்றும் இல்லை, காணியும் இல்லை. கத்தாமல் இருந்தால் ரிப்பன் வெட்டுப்படும், கரை முழுவதும் உப்பு வண்டு வரிசையாக நிற்கும். அப்போதும் அவள் காணி போய்விடும். பேசினாலும் போச்சு, பேசாவிட்டாலும் போச்சு. ஹயாத்தும்மாவை இழுத்துக்கொண்டு குசினி அடுப்படிக்கு ஓடினேன்.

"ஹயாத்து, ரெண்டு கேத்திலை வை. ஒண்டில வண்டுத் தண்ணி. மற்றதில கழுதை தோண்டின தண்ணி. ரெண்டையும் நல்லாக் கொதிக்க விடு."

அவள் நெஞ்சில் கை வைத்தாள். "பெரிய மனுசனுக்குக் கழுதைத் தண்ணியா? பாவம் மிஸ்."

"பாவம் என்ர கணக்கில. நீ தேயிலையைப் போடு."

விருந்தாளிக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் எங்கள் கரையில் எந்த வேலையும் தொடங்காது. ஆகவே ரிப்பனுக்கு முன் தேத்தண்ணி வந்ததில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முதலில் போனது வண்டுத் தேத்தண்ணி. பணிப்பாளர் சீனி வேண்டாம் என்றார், சலரோகமாம். அது எனக்கு அதிர்ஷ்டம். ஒரு வாய் குடித்தார். புருவம் மேலே போனது. திரும்ப இறங்கியது. "நல்ல தேத்தண்ணி" என்று சொல்லி இன்னொரு வாய் குடித்தார். அவர் அப்படிச் சொன்ன பிறகு கூட வந்தவர்கள் வேறு என்ன சொல்ல? அருமை என்றார் ஒருவர். வித்தியாசமான மணம் என்றார் மற்றவர். கண்களில் நீர் கட்டிக்கொண்டு எல்லோரும் குடித்தார்கள். காதர் நானா மட்டும் நடிக்கவில்லை. தான் வெட்டிய கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பழகிய நாக்கு, அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இன்னொரு கோப்பை கேட்டார்.

கடைசியாக இஞ்சினியர் கோப்பையை வாயில் வைத்தார். வைத்தபடி நின்றார். என்னைப் பார்த்தார். பிஸ்கட் தட்டோடு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற ஹயாத்தும்மாவைப் பார்த்தார். அவர் நினைத்திருந்தால் விழுங்கிவிட்டு அருமை என்று சொல்லியிருக்கலாம். பணிப்பாளரே வழி காட்டியிருந்தாரே. அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சேர், இது உப்பு."

அடுத்ததாகப் பணிப்பாளர் கோப்பையை வைத்தார். "ஓம், கொஞ்சம் உப்புத்தான்" என்றார். அந்த முகத்தில் இருந்த நிம்மதியை இப்போதும் மறக்க முடியவில்லை.

"எந்தத் தண்ணி உம்மா?" என்று இஞ்சினியர் கேட்டார். ஹயாத்தும்மா அவரிடம் பிஸ்கட் தட்டை நீட்டினாள்.

"உங்கட வண்டுத் தண்ணி, தம்பி" என்றேன்.

அவர் எழும்பிப் போனார். தாங்கியில் ஒரு விரல் விட்டு நக்கினார். பிறகு வண்டின் முதுகைத் தடவி நக்கினார். பக்கத்தில் ஒரு கழுதையும் அதையே நக்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். திரும்பி வந்து, "ரிப்பன் வெட்ட வேணாம் சேர். காத்துத் திரும்பும் எண்டதை நான் யோசிக்கேல்ல. இது அலைத் தூவானம். இதைக் கரை முழுக்க வைச்சா எல்லாத் தோட்டமும் எரிஞ்சிடும்" என்றார். எத்தனையோ பெரிய அதிகாரிகளோடு வேலை செய்திருக்கிறேன். அந்த மெலிந்த பிள்ளை மேல் அன்றைக்கு வந்த மரியாதை எனக்கு வேறு யார் மேலும் வந்ததில்லை.

பணிப்பாளர் கோபிப்பதா, போவதா என்று தீர்மானிக்கும் முன் நான் இரண்டாவது தேத்தண்ணியைக் கொண்டுபோய் நீட்டினேன். சந்தேகமாகத்தான் வாங்கினார். ஒரு வாய். பிறகு முழுக் கோப்பை.

"இது எங்கத்தைய தண்ணி?"

கோப்பை காலியாகும் வரை பொறுத்திருந்து, "பின்னால ஒரு கழுதை தோண்டினது சேர்" என்றேன்.

கோப்பை அவர் கையில் அப்படியே நின்றது. கோப்பைக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்தக் கழுதையைப் பார்க்கலாமா?"

சப்பாத்துக்குள் மணல் போகப் போக மொத்தப் பட்டாளமும் காணியின் மறு கோடிக்கு நடந்தது. கழுதை இன்னும் குடித்துக்கொண்டிருந்தது. பெரியவர்களுக்கு இடம் விடும் எண்ணம் அதற்கு இல்லை, ஆகவே பணிப்பாளர் தன்னுடைய முறை வரும்வரை நின்றார். இஞ்சினியர் மணலில் குப்புறப் படுத்துவிட்டார். படுத்த இடத்திலிருந்தே சத்தமாக விளக்கினார். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாகக் கிடக்கிறது. பம்பைப் போட்டு இழுத்தாலும் ஆழமாக வெட்டினாலும் கீழே உள்ள உப்பு மேலே ஏறிவிடும். கழுதையோ மேலே கிடப்பதை மட்டும் குடிக்கும் அளவுக்குத் தோண்டியிருக்கிறது. அதனிடம் பம்ப் இல்லை, காதர் நானாவும் இல்லை. இந்தக் கடைசி வசனம் மட்டும் நான் சேர்த்தது.

பணிப்பாளர் அங்கேயே சம்மதித்தார். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த தொழில். ஆழமில்லாத நீள வாய்க்கால் ஒன்று, தென்னந்தும்பு பரப்பி, தண்ணீர் தானாக ஊறி வரும்படி. ஊறுகிற அளவுக்கு மட்டும் அள்ளித் தாங்கியில் விட, பானைகள் வேருக்குக் கொடுத்தன. பானை மட்டும் இல்லையென்றால் அந்த ஊற்று ஒரு கிழமை தாங்கியிருக்காது, அந்தப் பெருமை இஞ்சினியருடையது. வாய்க்காலின் ஒரு நுனியைச் சரிவாக விட்டு அதைக் கழுதைகளுக்கு என்று ஒதுக்கினார். கழுதை என்ற சொல்லை அறிக்கையில் எழுத மேலிடம் சம்மதிக்கவில்லை. உள்ளூர் விலங்கின நடத்தை என்று எழுதச் சொன்னார்கள். வண்டுகளை மீன்காரப் பெண்கள் முறைப்படி பொறுப்பெடுத்துக்கொண்டார்கள்.

புதிய கன்று தேடி, என் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு இஞ்சினியர் பள்ளிவாசல்துறை வரைக்கும் வீடு வீடாக அலைந்தார். கொண்டுவந்து நட்டு முடித்த அன்று பின்னேரம் என்னிடம் கேட்டார்: "மிஸ், அவ்வளவு உப்பில என்ர பழைய கண்டுகள் ஏன் சாகேல்ல?"

"செத்தது தம்பி. ஒவ்வொரு நாளும் செத்தது" என்று சொல்லி நடந்ததைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு குசினிக்குள் போனார். நான் எட்டிப் பார்த்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு இடியப்பம் தின்றுகொண்டிருந்தார். அவள் சொதியை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

கோடு இப்போது மேலே போனது. மிளகாய் பூத்தது, பிஞ்சு வைத்தது. முதல் பறிப்பு அன்று நானும் போயிருந்தேன். பாதி பறித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் வாகனம். காதர் நானாவும் ஹோட்டல்காரரும் இறங்கினார்கள். ஹோட்டல்காரர் நல்ல மனிதர். ஹயாத்தும்மாவுக்குப் பழக்கூடையும் கொண்டு வந்திருந்தார், சிரித்த முகம் வேறு. சிரித்த முகத்தோடு வருகிறவர்களிடம் அவள் எப்படி என்று எனக்குத் தெரியும். அலுமாரியில் உள்ள சாரங்களுக்கும் தெரியும்.

"எப்படி உம்மா, யோசிச்சீங்களா?" என்று அவர் கேட்டார்.

ஹயாத்தும்மா மிளகாய்க் கூடையை நிலத்தில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். அவருடைய முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மிளகாய் வந்திரிக்கி" என்றாள். "காணி தர மாட்டன்."

காதர் நானா வாயைத் திறந்தார். "நானா, உங்களுக்கும்தான்" என்றாள். நானா வாயை மூடினார்.

சொல்லி முடித்ததும் ஓடிப்போய் ஒரு சாக்கை எடுத்து, பறித்த மிளகாயில் பாதியை அள்ளிப்போட்டு, வேண்டாம் வேண்டாம் என்ற ஹோட்டல்காரரின் வாகனத்துக்குள் தூக்கி வைத்தாள். போதாதென்று அலுமாரியைத் திறந்து சாரமும் ஒன்று கொடுத்தாள். அந்த மனுசன் காணி இல்லாமல், மிளகாயும் சாரமுமாக, ஒன்றும் விளங்காமல் போனார்.

வாகனத்தின் புழுதி அடங்கும்வரை அவள் வாசலில் நின்றாள்.

"மிஸ், அவருக்கு மனசு நொந்திருக்குமா?"

பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. "நொந்திருக்கும்" என்றேன்.

அவள் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள்.

"நோகட்டும்" என்றாள்.